அளவும் பருவமும்: ஹார்மோன்களைக் குலைக்கும் மாசுகள்

நச்சியல் நெடுங்காலமாக ஒரே கொள்கையின் மீது நின்றுவந்துள்ளது: எப்பொருளும் நஞ்சாகக்கூடும், அதை நஞ்சாக்குவது அளவே. 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸின் பெயரால் ஐரோப்பியர் வழங்கும் இக்கருத்து, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று தமிழில் பழமொழியாகவே புழங்குகிறது. காய்கறியில் பூச்சிக்கொல்லியின் எச்சம் எவ்வளவு இருக்கலாம், ஆலைக்கழிவு ஆற்றில் எவ்வளவு கலக்கலாம் என்று அரசுகள் விதிக்கும் வரம்புகள் இக்கொள்கையிலிருந்தே பிறந்தவை. ஒரு வேதிப்பொருளை மிகுந்த அளவில் விலங்குகளுக்குக் கொடுத்துத் தீங்கைக் கண்டறிந்து, தீங்கு தென்படாத அளவு வரை படிப்படியாக இறங்கிவந்து, அதையும் பெரும்பாலும் நூறால் வகுத்து, எஞ்சியதைப் பாதுகாப்பான அளவென அறிவிப்பதே வழக்கமான முறை. உடலைக் கொல்லும் பொருள்களுக்கு இம்முறை நன்றாகவே பொருந்தியது. உடலைக் கொல்லாமல், உடலுக்குள் ஓடும் செய்திகளை மட்டும் மாற்றிவிடும் பொருள்கள் இம்முறையின் கண்ணிலிருந்து நழுவின. அவற்றைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே பெரிய கேள்வி என்பதைக் கடந்த அரை நூற்றாண்டின் சான்றுகள் காட்டுகின்றன.

தைராய்டு, கணையம், அட்ரீனல், சினைப்பை, விதைப்பை முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் நேரடியாகக் குருதியில் விடும் செய்திப்பொருள்களே ஹார்மோன்கள். ஓர் உறுப்பில் தோன்றி, குருதியோடு பயணித்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பின் உயிரணுவில் தமக்கென அமைந்த ஏற்பியில், அதாவது பூட்டில் சாவி பொருந்துவதுபோலத் தம்மை ஏற்றுக்கொள்ளும் புரதத்தில் பொருந்தி, அவ்வணு செய்யவேண்டிய வேலையைத் தொடக்கியோ நிறுத்தியோ வைக்கின்றன. வளர்ச்சி, பூப்பு, கருத்தரிப்பு, பசி, உடல்வெப்பம் ஆகிய அனைத்தும் இவற்றின் ஆட்சிக்குட்பட்டவை. பாலியல் ஹார்மோன்கள் பல, ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே இருந்துகொண்டு இவ்வேலைகளை முடிக்கின்றன. இவ்வளவு நுண்ணிய அளவைக் கேட்டுணரும்படி உடல் பழகியிருப்பதால், அதே பூட்டில் நுழையக்கூடிய வெளிப்பொருளும் நுண்ணிய அளவிலேயே செயற்படக்கூடும்.

அவ்வாறு வெளியிலிருந்து வந்து ஹார்மோன் ஒழுங்கைக் கெடுத்து, அதன் வழியே அவ்வுயிருக்கோ அதன் வழித்தோன்றல்களுக்கோ தீங்கு செய்யும் பொருள்களை ஹார்மோன் குலைப்பிகள் எனலாம். அவற்றுள் சில ஈஸ்ட்ரோஜன் போன்ற இயற்கை ஹார்மோனாக நடித்து ஏற்பியைத் திறக்கின்றன; சில ஏற்பியில் அமர்ந்துகொண்டு உண்மையான ஹார்மோனுக்கு இடமின்றிச் செய்கின்றன; வேறு சில ஏற்பியைத் தொடாமலேயே ஹார்மோன் உருவாவதையோ, குருதியில் சுமக்கப்படுவதையோ, சிதைவதையோ தடுக்கின்றன. மூன்றாம் வகைக்குத் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பட்டாசுக்கு வேண்டிய உயிர்வளியைத் தரும் பெர்குளோரேட் உப்பு நீரில் எளிதில் கரைவது. சிவகாசிப் பகுதியின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. இவ்வுப்பின் அயனி தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாயிலை அடைத்துவிடும். 1950களில் மிகைத் தைராய்டு நோய்க்கு மருந்தாகவே அதைக் கொடுத்ததும் இப்பண்பு கருதித்தான். வளர்ந்தவரின் உடல் சேமிப்பிலுள்ள ஹார்மோனைக் கொண்டு சில காலம் சமாளிக்கும். கருவுக்கோ முதல் மாதங்களில் சொந்தத் தைராய்டு ஹார்மோன் இல்லை. தாயிடமிருந்து வருவதைக் கொண்டே அதன் மூளை உருவாக வேண்டும். ஒரே கிணற்று நீரை ஒரே வீட்டில் குடிக்கும் இருவருள் ஒருவருக்கு ஒன்றும் நேராமலும், அவர் வயிற்றிலுள்ள மற்றவருக்கு நேரக்கூடியதுமான தீங்கின் இயல்பு இது.

இத்துறையின் முதற்பாடம் மாசிலிருந்து அன்று, மருந்திலிருந்து வந்தது. 1938இல் இங்கிலாந்தின் சார்லஸ் டாட்ஸும் அவருடைய குழுவினரும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினர். காப்புரிமை பெறப்படாத, மலிவான, வாய்வழியாகவே உட்கொள்ளத்தக்க அம்மருந்தைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940களிலிருந்து அமெரிக்காவில் கருவுற்ற பெண்களுக்கு அது தாராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டது. அம்மருந்தால் பயனில்லை என்பதை 1953இல் சிக்காகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டிய பிறகும் விற்பனை நிற்கவில்லை. 1971இல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட்டும் உடனாய்வாளரும் இளம்பெண்களின் யோனியில் தோன்றிய அரிய வகைப் புற்றுநோயாளிகள் எண்மரை ஆராய்ந்தபோது, அவர்களுள் எழுவரின் தாயார் கருக்காலத்தில் இம்மருந்தை உட்கொண்டிருந்தது தெரியவந்தது. அவ்வாண்டிலேயே கருவுற்றோருக்கு அதைக் கொடுக்கலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. புற்றுநோய் கண்ட மகள்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவரே. ஆனால் கருப்பையின் வடிவம் பிறழ்தல், கருத்தரிக்க இயலாமை, குறைப்பேறு ஆகியவை அவர்களிடையே மிகப் பரவலாகக் காணப்பட்டன.

தாயின் உடல் ஏறக்குறையத் தீங்கின்றித் தப்பியது என்பதும், மகளின் உடலில் தீங்கு இரண்டு பதின்மங்கள் உறங்கிக் கிடந்து பூப்புக்குப் பின் விழித்தது என்பதும் இந்நிகழ்வு தந்த இரு செய்திகள். கருப்பைக்குள் இருக்கும் குழந்தையைத் தாய்-சேய் இணைப்புறுப்பு அரணாகக் காக்கும் என்றே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி மருத்துவம் பெரிதும் நம்பியது. அவ்வுறுப்பைத் தமிழர் நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் அழைத்துவந்திருப்பது தற்செயலே ஆயினும், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலுக்குப் பின் அச்சொல்லைப் பழைய பொருளில் மட்டும் படிக்க முடிவதில்லை.

மாசு என்ற வகையில் இப்பொருள்களை முதலில் காட்டிக்கொடுத்தவை விலங்குகள். அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியுள்ள பறவைகளையும் மீன்களையும் பற்றிய சிதறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தியோ கோல்பார்ன், முதிர்ந்த விலங்குகள் நலமாகத் தோன்றினாலும் அவற்றின் குஞ்சுகளே குறைபட்டிருப்பதைக் கவனித்தார். 1991 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தின் விங்ஸ்பிரெட் மாளிகையில் அவர் கூட்டிய கூட்டத்தில் விலங்கியலாளர், மருத்துவர், நச்சியலாளர் எனத் தத்தம் துறைக்குள்ளேயே இருந்த 21 பேர் ஒன்றாக அமர்ந்தனர். நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தின் சீர்குலைவு என்னும் தொடர் அங்கேதான் உருவானது. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசிய டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம், லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பை முளைக்கவைத்தது. ஆர்க்காஷோன் விரிகுடாவின் சிப்பி வளர்ப்பு சீரழிந்ததால் 1982இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. இதே பொருளைக் கருக்காலத்தில் பெற்ற சுண்டெலிகள் மிகுந்த கொழுப்போடு வளர்வதை 2006இல் புரூஸ் புளூம்பர்க் குழுவினர் கண்டனர். நத்தையின் பாலினத்தைக் கெடுத்த பொருள் எலியின் எடையைக் கெடுத்தது வியப்பன்று. இரண்டிலும் அது பற்றிக்கொண்டது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பியையே.

ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டிக்கு வெளியே, முழு ஏரி ஒன்றில் நிகழ்த்திய சோதனை இத்துறையில் தனித்து நிற்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளுள் ஒன்றில், 2001 தொடங்கி மூன்று கோடைகளுக்குக் கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கேரன் கிட் குழுவினர் கலந்தனர். நகரக் கழிவுநீரில் காணப்படும் அளவை ஒட்டி லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரையே, அதாவது ஒரு கிராம் மருந்தை ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நீரில் கரைத்தாற்போன்ற செறிவிலேயே கலந்தனர். முட்டையின் மஞ்சட்கருவுக்கு மூலமான, பெண்மீன் மட்டுமே உருவாக்கவேண்டிய புரதத்தை ஆண்மீன்கள் உருவாக்கத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் அவ்வேரியின் சிறுகெண்டை இனம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஒரு மீனும் நஞ்சுண்டு செத்து மிதக்கவில்லை. குஞ்சு பொரிக்கவில்லை, அவ்வளவே. மருந்து நிறுத்தப்பட்டபின் சில ஆண்டுகளில் மீன்கள் மீண்டன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மனிதரில் இத்தகைய சோதனை செய்வதற்கில்லை. பழைய குருதி மாதிரிகள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருந்தால் காலத்தைப் பின்னோக்கிப் படிக்கலாம். கலிபோர்னியாவின் ஓக்லண்டு வட்டாரத்தில் 1959க்கும் 1967க்கும் இடையே கருவுற்ற பெண்களிடம் எடுத்து உறையவைத்த குருதி அவ்வாறு கிடைத்தது. டிடிடி பூச்சிக்கொல்லி தாராளமாகத் தெளிக்கப்பட்ட காலம் அது. பார்பரா கோன் குழுவினர் 2007இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, டிடிடி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த 1945ஆம் ஆண்டில் 14 வயதுக்குட்பட்டவராக இருந்தவர்களுள், குருதியில் அப்பொருள் மிகுந்திருந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியிருந்தது. அவ்வாண்டில் அவ்வயதைக் கடந்துவிட்டவர்களிடம் அத்தொடர்பே தென்படவில்லை. மார்பகம் உருவாகும் பருவத்துக்கு முன் உடலில் புகுந்தது தீங்காயிற்று, அப்பருவம் முடிந்தபின் புகுந்தது அவ்வாறாகவில்லை. முதல் கூட்டத்தாரையும் இரண்டாம் கூட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து சராசரி கண்டிருந்தால் இவ்வுண்மை கரைந்து போயிருக்கும்; முன்னைய ஆய்வுகள் பல டிடிடிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என முடித்ததற்கு, நோய் வெளிப்பட்ட முதுமையில் குருதியை அளந்தது முதன்மையான காரணமாக இருக்கலாம்.

டிடிடி கொழுப்பில் தங்குவது, அதனால் பிடிபட்டது. இன்றைய வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்த பிஸ்பீனால் ஏ, தாலேட்டுகள் ஆகியவை சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறுபவை. பேருந்து நடத்துநர் கைக்கருவியிலிருந்து கிழித்துத் தரும் பயணச்சீட்டும் கடை ரசீதும் வெப்பத்தாளில் அச்சிடப்படுபவை. நகத்தால் அழுத்திக் கீறினாலே அத்தாளில் கருங்கோடு விழும். அங்கே மை ஏதுமில்லை, நிறமற்ற சாயமும் அதைக் கறுக்கச் செய்யும் துணைப்பொருளும் பூச்சாகத் தடவப்பட்டு வெப்பத்துக்குக் காத்திருக்கின்றன. அத்துணைப்பொருளாக உலகெங்கும் நெடுநாள் பயன்பட்டது பிஸ்பீனால் ஏ. நெகிழியில் பிணைந்திருப்பதுபோல் அன்றி இங்கே அது தனித்த நிலையில் இருப்பதால், எண்ணெய்ப் பசையுள்ள விரல்களில் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத்தாளில் அதன் அளவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தாலேட்டுகளோ பிவிசியை வளையச் செய்யும் மென்மையாக்கிகள். மருத்துவமனையின் குருதிப்பையிலும் டிரிப்ஸ் குழாயிலும் அவை உள்ளன என்பதால், குறைமாதத்தில் பிறந்து குழாய்களின் நடுவே உயிர்பிழைக்கும் சிசுவே அவற்றை மிகுதியாகப் பெறுபவர்களுள் ஒன்றாகிறது. ஆண்கருவில் பிறப்புறுப்பு உருவாகும் சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது தாலேட்டுகளின் தனித்தன்மை என எலிச்சோதனைகள் காட்டின.

பிஸ்பீனால் ஏயின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலை ஆக்கிய அதே டாட்ஸ், அதற்கு முன் 1936இல் இதன் ஈஸ்ட்ரோஜன் தன்மையைச் சோதித்து உறுதிசெய்திருந்தார். அதனினும் வலிய மருந்து கிடைத்தமையால் இது மருந்தாகவில்லை. 1950களில் பாலிகார்பனேட் நெகிழிக்கும் உணவு டப்பாக்களின் உட்பூச்சுக்கும் மூலப்பொருளாகி உலகெங்கும் பரவியபோது, அது ஹார்மோன்போல் செயற்படும் என்பது புதிய செய்தியன்று. அச்செய்தியை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதே உண்மை. 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பாட்ரிசியா ஹண்ட்டின் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளைத் தவறான, கடுங்காரச் சோப்பால் கழுவிவிட்டனர். பாலிகார்பனேட் கூண்டும் நீர்ப்புட்டியும் அரிக்கப்பட்டுப் பிஸ்பீனால் கசிய, வழக்கமாக நூற்றில் ஓரிரு முட்டைகளில் மட்டுமே காணப்பட்ட குரோமோசோம் பிறழ்வு நாற்பதில் காணப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, வேறு நெகிழியாலான கூண்டுகளுக்கு மாறிய அதே ஆய்வகத்தில் அதே பிறழ்வு மீண்டும் தலைகாட்டியது. இம்முறை கசிந்தது பிஸ்பீனால் எஸ், அதாவது முன்னதற்கு மாற்றாகச் சந்தைக்கு வந்த உடன்பிறப்பு. பிஸ்பீனால் ஏ அற்றது என்று விளம்பரப்படுத்தி விற்கும் கலன்களின் மதிப்பு, ஏயின் இடத்தில் எது வந்து அமர்ந்தது என்பதைப் பொறுத்ததே.

எவ்வளவு பிஸ்பீனால் ஏ பாதுகாப்பானது என்பதில் அறிவியலாளர் இன்றும் உடன்படவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்று வரம்பை நிர்ணயித்தது. அதன் முந்தைய வரம்பைக் காட்டிலும் இது 20,000 மடங்கு குறைவு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் போதுமெனக் கணித்தது. தேர்ந்த இரு நிறுவனங்கள் ஒரே சான்றுகளைப் படித்து ஆயிரம் மடங்கு வேறுபடுவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. ஹார்மோன்களின் விளைவு அளவோடு நேராக ஏறுவதில்லை. சிறிதளவில் தூண்டப்படும் ஏற்பிகள் பேரளவில் தம்மைத் தாமே குறைத்துக்கொள்வதால், விளைவு ஏறி இறங்கும் வளைகோடாக அமையலாம். மேலிருந்து இறங்கிவந்து பாதுகாப்பான அளவைத் தேடும் பழைய முறை, அவ்வளைகோட்டின் அடியில் இருப்பதைத் தொடாமலேயே நின்றுவிடும். இவ்வளைகோடுகளை நம்புவோரும் நம்பாதோரும் இரு முகாம்களாகப் பிரிந்துள்ளனர். 2024 இறுதியில் ஐரோப்பிய ஆணையம் உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏயைத் தடைசெய்தது. விவாதம் முடிந்தபின் அன்று, விவாதம் நடக்கும்போதே.

இந்திய அனுபவத்தில் இப்பிரச்சினையின் முகம் காசர்கோடு. கேரளத்தின் அம்மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மீது இருபதாண்டுகளுக்கு மேல் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. மலைச்சரிவில் தெளித்தது அடிவாரத்தின் கிணறுகளிலும் ஓடைகளிலும் சேர்ந்தது. பிறவிக்குறைபாடும் மூளை வளர்ச்சிக்குறையும் கொண்ட குழந்தைகளின் படங்களே நாட்டை உலுக்கின. அவ்வகை நோய்களுக்கும் மருந்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு குறித்த வழக்காடல் நீண்டது. அப்படங்களில் இடம்பெறாத, படமெடுக்கவும் இயலாத ஒரு கண்டறிதலே அறிவியல் நோக்கில் உறுதியானது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் அடிவாரச் சிற்றூர் ஒன்றின் 10 முதல் 19 வயது வரையுள்ள 117 ஆண் மாணவரையும், தெளிப்பு நடக்காத ஊரின் 90 மாணவரையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழுவினரின் பூப்பு வளர்ச்சி பிந்தியிருந்தது; டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும், அதைச் சுரக்கும்படி மூளையடிச் சுரப்பி விடுக்கும் ஆணையாகிய லூட்டினைசிங் ஹார்மோன் கூடியும் இருந்தன. மேலிருந்து ஆணை உரக்க வருகிறது, விதைப்பை செவிசாய்க்கவில்லை என்பதே இதன் பொருள். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதை நிறுத்தியது. பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் வழங்க வேண்டும் என்ற ஆணை 2017இல் வந்தது. தெளிப்பு நின்று அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இத்துறையின் பெயரால் சொல்லப்படும் அனைத்தும் சம உறுதியுடையவை அல்ல. 1940க்கும் 1990க்கும் இடையே ஆண்களின் விந்தணுச் செறிவு மில்லிலிட்டருக்கு 11.3 கோடியிலிருந்து 6.6 கோடியாகக் குறைந்ததாக டென்மார்க்கின் ஸ்காக்கெபெக் குழுவினர் 1992இல் கணித்தனர். 2017இல் ஹகாய் லெவைன் முதலியோரின் தொகுப்பாய்வும், மேலை நாட்டு ஆண்களிடம் 1973 முதல் பாதிக்கு மேல் வீழ்ச்சி என்று கண்டது. எண்ணும் முறைகளும் மாதிரி கொடுக்க முன்வருவோரின் இயல்பும் காலந்தோறும் மாறியிருப்பதால் வீழ்ச்சியின் அளவு விவாதத்துக்குரியது. வீழ்ச்சி உண்மையே ஆயினும் உடற்பருமன், புகைபிடித்தல் முதலியவற்றைத் தள்ளிவிட்டு வேதிப்பொருளின் மீது மட்டும் பழிபோட முடியாது. இன்று இந்திய நகரங்களில் பெருகியுள்ள நீரிழிவையும் சினைப்பை நீர்க்கட்டி நோயையும் நெகிழிப் புட்டியோடு முடிச்சுப் போடும் எழுத்துகளைப் படிப்போர் இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழக ஆறுகளைப் பொறுத்தவரை அளவீடுகள் ஓரளவு கிடைத்துள்ளன. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்றின் நீரிலும், சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கும் டிரைகுளோசானும், அழகுசாதனப் பொருள்களைக் கெடாமல் வைக்கும் பாராபென்களும் இருப்பதைப் பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அதற்கு முன்பே வெள்ளாற்றுப் படுகையில் இந்திய-ஜப்பானிய ஆய்வாளர்கள், நெல்வயலில் தூவிய எச்சிஎச் பூச்சிமருந்தின் மிகப்பெரும் பகுதி வெப்பத்தில் ஆவியாகிக் காற்றோடு போய்விடுவதைக் கண்டிருந்தனர். வயலில் மருந்து மிஞ்சவில்லை என்பதே நற்செய்தியாகத் தோன்றும். அது குளிர்ந்த நாடுகளின் மேல் படிகிறது என்பதே அதன் மறுபக்கம். இந்தியா டிடிடியை 1989இல் வேளாண்மையிலிருந்து விலக்கி, நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு மட்டும் விட்டுவைத்தது. எச்சிஎச் 1997இல் தடைப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொரு வழக்காகத் தடுப்பதே இந்திய முறை. ஐரோப்பாவில் 2007 முதல் ஒரு பொருளை விற்பவரே அதன் தீங்கின்மைக்குத் தரவு தரக் கடமைப்பட்டவர். 2023 முதல் ஹார்மோன் குலைப்புக்கெனத் தனி அபாய வகுப்பும் அங்கே உண்டு. இந்தியாவில் அத்தகைய விரிவான சட்டம் வரைவு நிலையைத் தாண்டவில்லை. தீங்கு மெய்ப்பிக்கப்படட்டும் என்று காத்திருப்பது நடுநிலைபோல் தோன்றினும், மெய்ப்பிப்பு வர ஒரு தலைமுறை ஆகும் பொருள்களுக்கு அது அனுமதி வழங்குவதேயாகும்.

ஓக்லண்டு ஆய்வு இன்னும் முடியவில்லை. கருவிலிருந்தபோது தாயின் குருதியில் டிடிடி மிகுந்திருந்த மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு கூடியிருந்ததை 2015இல் வெளியிட்ட அக்குழுவினர், 2021இல் பேத்தியரையும் கணக்கிட்டனர். பாட்டியின் உடல் பருமனற்றதாக இருந்த குடும்பங்களில், அவருடைய குருதியில் டிடிடியின் ஒரு வடிவம் மிகுந்திருந்தால் பேத்தியரிடம் உடற்பருமனும் இளவயதுப் பூப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. பேத்தியாகப் பிறக்கவேண்டிய முட்டை, தாய் இன்னும் பாட்டியின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அக்கருவின் சினைப்பையில் உருவாகிவிடுகிறது. அமெரிக்காவில் டிடிடி 1972இல் தடைசெய்யப்பட்டது. இப்பேத்தியருள் பெரும்பாலோர் பிறந்தது அதற்குப் பிறகு.